வெளியே ஒதுங்கும் கண்: விட்டுவிட்டு வரும் மாறுகண்ணைப் புரிந்துகொள்ள

என் அக்கா மகளுக்கு நான்கு வயதானபோது, அவள் வெயிலில் இறங்கியதும் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். "பாரு, கண்ணடிக்கிறா" என்று எல்லோரும் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். சில மாதம் கழித்து, சாயங்காலம் டி.வி. முன்னால் சோர்ந்து உட்கார்ந்திருந்தவளை அக்கா கூப்பிட்டாள். திரும்பிய முகத்தில் ஒரு கண் அக்காவைப் பார்த்தது. இன்னொன்று ஜன்னல் பக்கமாக ஒதுங்கி நின்றது. "பாப்பா, இங்க பாரு" என்றதும் கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டும் நேராகிவிட்டன. பார்த்தது நிஜம்தானா என்றே அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வெயிலில் கண்ணை மூடுவதும் சாயங்காலம் கண் ஒதுங்குவதும் ஒரே பிரச்சினையின் அடையாளங்கள் என்று கண் மருத்துவர் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அதன் பெயர் இன்டர்மிட்டென்ட் எக்ஸோட்ரோபியா. தமிழில் சொன்னால், விட்டுவிட்டு வரும் வெளிநோக்கு மாறுகண். அதற்குப் பிறகு படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை, இதே குழப்பத்தோடு நிற்கும் இன்னொரு வீட்டுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காமல் போனால் அது மாறுகண். இலங்கையில் வாக்குக் கண் என்பார்கள். ஒரு கண் மூக்குப் பக்கம் திரும்பினால் உள்நோக்கு வகை, காதுப் பக்கம் போனால் வெளிநோக்கு வகை. மேலே கீழே போவதும் உண்டு. குழந்தைகளிடம் காணும் வெளிநோக்கு மாறுகண்ணில் மிக அதிகமானது, எப்போதும் விலகி நிற்காமல் வந்து வந்து போகும் இந்த வகைதான். ஆசிய நாடுகளில் உள்நோக்கைவிட வெளிநோக்கே அதிகம் தென்படுகிறது. 'ஒன்றரைக் கண்' என்ற சொல்லை நான் இங்கே எதற்கும் பயன்படுத்தப் போவதில்லை. பள்ளிக்கூடம் முழுக்க அந்தப் பெயரால் கூப்பிடப்பட்ட ஒருவரிடம் பேசிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

சரி, கண் ஏன் வெளியே போகிறது?

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. பக்கவாட்டில் திருப்புவதற்கு முக்கியமானவை இரண்டு: மூக்குப் பக்கம் இருக்கும் தசை உள்ளே இழுக்கும், காதுப் பக்கம் இருப்பது வெளியே இழுக்கும். அப்படியானால் உள்ளே இழுக்கும் தசைக்கு வலு போதவில்லை என்றுதான் முதலில் நினைப்போம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் இந்தக் குழந்தைகளின் கண்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால், பெரும்பாலும் எல்லாத் திசையிலும் தடையில்லாமல் திரும்பும். ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே திடமான மாடுகள்தான். ஆனால் வண்டிக்காரரின் கை கொஞ்சம் தளர்ந்தால் ஒன்று வரப்புப் பக்கம் ஒதுங்கும். கண்ணுக்கு வண்டிக்காரர் மூளை.

அந்த மாடு ஏன் உள்பக்கம் வராமல் வெளிப்பக்கமே ஒதுங்குகிறது என்பதற்கு மண்டையோட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். நம் கண்குழிகள் நேர் முன்னால் பார்த்து அமைந்தவை இல்லை. ஒவ்வொன்றின் அச்சும் ஏறத்தாழ 23 டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆழ்ந்த மயக்க மருந்தில் இருக்கும்போது பலருடைய கண்கள் சற்றே வெளியே விலகிவிடும். விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு கண்ணிலிருந்தும் வரும் பிம்பங்களை மூளை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கிறது. அப்படிப் பிடிப்பதற்காகவே கண்களை நேராக வைத்திருக்கிறது. இது நமக்குத் தெரியாமல் நடக்கும் உழைப்பு. சிலருக்குக் கண் விலகும் போக்கு மற்றவர்களைவிட அதிகம். தெம்பாக இருக்கும்வரை மூளை சமாளித்துவிடும். தூக்கம் வந்தால், காய்ச்சல் அடித்தால், பகல்கனவில் மூழ்கினால், தூரத்தில் எதையோ வெறித்தால், பிடி நழுவும். கண் போய்விடும். "இங்க பாரு" என்றதும் மூளை மறுபடி பிடித்துக்கொள்ளும்.

மருத்துவர்கள் இதை கன்ட்ரோல் என்கிறார்கள். நான் பிடிமானம் என்று சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை நினைவில் வையுங்கள்: கண் எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதைவிட, ஒரு நாளில் எவ்வளவு நேரம் விலகி நிற்கிறது, எவ்வளவு சுலபமாகத் திரும்பி வருகிறது என்பதுதான் முக்கியம். பெரிய கோணத்தில் விலகினாலும் எப்போதோ ஒருமுறை மட்டும் விலகி உடனே திரும்பிவிடும் கண்ணுக்கு அவசரம் இல்லை. சின்னக் கோணமாக இருந்தாலும் நாளில் பாதி நேரம் வெளியே நின்றால் கவலைப்பட வேண்டும்.

ஏன் என்று கேட்டால், கண் விலகி நிற்கும்போது மூளை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு கண் இரண்டு இடத்தைப் பார்த்தால் எல்லாமே இரண்டாகத் தெரிய வேண்டும். பெரியவர்களுக்குத் திடீரென்று மாறுகண் வந்தால் அப்படித்தான் தெரியும், படி இறங்கவே தடுமாறுவார்கள். குழந்தையின் மூளை இளகிய மண் மாதிரி. விலகிய கண்ணிலிருந்து வரும் காட்சியை அந்த நேரத்துக்கு அணைத்துவிடக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் "ரெட்டையாத் தெரியுதா?" என்று கேட்டால் குழந்தை இல்லை என்கிறது. வலியும் இல்லை, புகாரும் இல்லை. வீட்டில் யாராவது கவனித்தால்தான் உண்டு.

இந்த அணைத்தல் நாளெல்லாம் நடந்தால் என்ன ஆகும் என்பதை டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளிடம் ஆராய்ந்தார்கள். உள்ளே இழுக்கும் தசையை வெட்டி, குட்டிகளுக்கு வெளிநோக்கு மாறுகண் உண்டாக்கி வளர்த்தார்கள். சாதாரணப் பூனையின் பார்வை மூளையில் சுமார் 80 சதவீத செல்கள் இரண்டு கண்ணுக்கும் பதில் சொல்லும். இந்தக் குட்டிகளிடம் அது 20 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஒவ்வொரு கண்ணும் தனியாகப் பார்த்தால் பார்வையில் குறையில்லை, ஆனால் சேர்ந்து பார்ப்பதற்கான இணைப்பு போய்விட்டது. 1965இல் வெளிவந்த ஆய்வு இது. பார்வை மூளை பற்றிய பணிக்காக இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குட்டிகளின் கண் எந்நேரமும் விலகியே இருந்தது என்பதைக் கவனியுங்கள். விட்டுவிட்டு வரும் மாறுகண் உள்ள குழந்தைக்குக் கண் நேராக இருக்கும் நேரமெல்லாம் அந்த இணைப்புக்குத் தீனி கிடைக்கிறது. எங்கள் பாப்பாவுக்கு இடைவெளியை, ஆழத்தை உணரும் முப்பரிமாணப் பார்வை நன்றாகவே இருந்ததற்குக் காரணம் இதுதான்.

"போன் பார்த்துப் பார்த்துத்தான் வந்ததா?" அக்கா முதலில் கேட்ட கேள்வி இது, குற்ற உணர்ச்சியோடு கேட்டாள். வெளிநோக்கு மாறுகண் போனுக்குப் பல நூற்றாண்டு மூத்தது. ஓவியர் லியனார்டோ டா வின்சிக்கே விட்டுவிட்டு வரும் வெளிநோக்கு மாறுகண் இருந்திருக்கலாம் என்று 2018இல் கிறிஸ்டோபர் டைலர் என்ற ஆய்வாளர் எழுதினார். அவரை மாதிரியாக வைத்துச் செய்யப்பட்டதாகக் கருதப்படும் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் கண்மணி இருக்கும் இடத்தை அளந்து வந்த ஊகம் அது. நிரூபணம் இல்லை. இருந்தாலும் அக்காவுக்கு அது கொஞ்சம் ஆறுதல் தந்தது. குடும்பத்தில் யாருக்காவது மாறுகண் இருந்தால் குழந்தைக்கு வர வாய்ப்பு கூடும் என்பதுதான் இதைவிட உறுதியான செய்தி.

எங்கள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வேறொரு பதில் வந்தது. "மாறுகண் அதிர்ஷ்டம். சரிபண்ணாதே, யோகம் போயிடும்." தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கை எவ்வளவு ஆழம் என்பது கண் மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அன்பினால் சொல்கிறார்கள், குழந்தையின் மனம் நோகக் கூடாது என்றும் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதலை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்ட வீடுகளில் இழப்பு குழந்தைக்குத்தான். "வளர வளரச் சரியாகிவிடும்" என்பதும் அதே ரகம். பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் கண்கள் அவ்வப்போது அலைபாய்வது இயல்பு. அதற்குப் பிறகும் கண் விலகினால், அது எத்தனை வயதாக இருந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அப்படிக் காட்டச் சொல்வதற்கு இன்னொரு முக்கியமான காரணம் இருக்கிறது. எல்லா விலகலும் இந்தச் சாதுவான வகையைச் சேர்ந்தது இல்லை. ஒரு கண்ணில் பார்வை சரியில்லாமல் போனால் அந்தக் கண் மெல்ல வெளியே ஒதுங்கலாம். உள்ளே கண்புரை இருக்கலாம், விழித்திரையில் கோளாறு இருக்கலாம். போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம், சீக்கிரம் பிடித்தால் உயிரையும் பல சமயம் கண்ணையும் காப்பாற்ற முடியும். பெரியவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. திடீரென்று ஒரு கண் வெளியேயும் கீழேயும் போய், இமை தொங்கி, இரட்டையாகத் தெரிந்து, தலைவலியும் இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கண்ணை அசைக்கும் மூன்றாம் நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறி அது. சர்க்கரை நோயாலும் வரும், மூளை ரத்தக்குழாயில் ஏற்பட்ட வீக்கம் நரம்பை அழுத்துவதாலும் வரும். அந்த வீக்கம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

பரிசோதனையில் பயப்பட எதுவும் இல்லை. ஊசி கிடையாது. குழந்தையின் முகத்துக்கு நேராகச் சின்ன டார்ச் அடித்து, அதன் ஒளிப்புள்ளி இரண்டு கண்மணியிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவிலும் இதையே நீங்கள் பார்க்கலாம். சில குழந்தைகளுக்கு முகவாகினால் மாறுகண் மாதிரி தோற்றம் மட்டும் இருக்கும், கண் நேராகவே இருக்கும். அதையும் பரிசோதனையில் பிரித்துவிடலாம். அடுத்து, ஒரு பொம்மையைப் பார்க்கச் சொல்லி ஒரு கண்ணை மறைத்து எடுப்பார்கள். மறைத்தால் பிம்பங்களைச் சேர்த்துப் பிடிக்கும் வேலை நின்றுபோகும், ஒளிந்திருந்த விலகல் வெளியே வரும். மறைப்பை எடுத்ததும் கண் எத்தனை நொடியில் திரும்பி வருகிறது என்பதில்தான் பிடிமானம் தெரியும். இதற்குச் சுழியத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் உண்டு. மறைத்தால் மட்டும் விலகி ஒரு நொடிக்குள் திரும்பினால் சுழியம். கவனித்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க விலகியே நின்றால் ஐந்து. இங்கே மதிப்பெண் குறைவாக இருப்பதுதான் நல்லது.

கோணத்தைப் பிரிசம் என்ற முப்பட்டகக் கண்ணாடி வைத்து அளப்பார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் காட்டும் பிரிசத்துக்கு ஒரு பிரிசம் டயாப்டர் என்று பெயர். ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்தால் டிகிரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், டிகிரியில் அது ஏறத்தாழ பாதிதான் இருக்கும். கிட்டே ஒரு அளவு, தூரத்தில் ஒரு அளவு எடுப்பார்கள். சில சமயம் ஒரு கண்ணை ஒரு மணி நேரம்போல மூடிவைத்து மறுபடி அளப்பார்கள். பாப்பாவுக்குப் பிடித்தது ஈ சோதனை. ஒரு தனிக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், அட்டையில் அச்சான பெரிய ஈயின் இறக்கை காகிதத்துக்கு மேலே எழும்பி நிற்பதாகத் தெரியும். "இறக்கையைப் பிடி" என்பார்கள். முப்பரிமாணப் பார்வை உள்ள குழந்தையின் விரல் அட்டைக்கு மேலே காற்றில் கிள்ளும். இல்லாத குழந்தை அட்டையைத் தொடும். கடைசியில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, பவர் இருக்கிறதா என்றும் விழித்திரை எப்படி இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு சில மணி நேரமோ, மருந்தைப் பொறுத்துச் சில நாளோ கிட்டே இருப்பது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். ஸ்கூல் பரீட்சைக்கு முந்தின நாள் அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள்.

டாக்டர் முன்னால் குழந்தை உஷாராக உட்கார்ந்திருக்கும், கண் நேராகவே இருக்கும். அதனால் வீட்டில் கண் ஒதுங்கும்போது போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்கா காலண்டரில் குறித்து வைத்தாள்: எத்தனை மணிக்கு, எதைப் பார்க்கும்போது, கூப்பிட்டதும் வந்ததா. மருத்துவர் எங்களிடம் அதிக நேரம் கேட்டது அந்தக் காலண்டர் குறிப்பைத்தான்.

சிகிச்சையில் முதல் படி கண்ணாடி, பவர் இருந்தால். காட்சி தெளிவாக இருந்தால் இரண்டு பிம்பத்தையும் சேர்ப்பது மூளைக்குச் சுலபம். கிட்டப்பார்வை உள்ள சில குழந்தைகளுக்குச் சரியான கண்ணாடியிலேயே பிடிமானம் நன்றாகத் தேறிவிடும். ஒரு கண்ணில் பார்வை பின்தங்கி 'சோம்பேறிக் கண்' ஆகியிருந்தால், நல்ல கண்ணை மூடிவைத்து அதற்கு வேலை கொடுப்பார்கள்.

அதற்கு அடுத்த படி பல பெற்றோருக்குப் பிடிக்காதது: காத்திருத்தல். "ஒன்றும் செய்யவில்லையே" என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் குழந்தைகள் கண் நோய் ஆய்வுக் குழு, மூன்று முதல் பத்து வயது வரையான குழந்தைகளைச் சிகிச்சை இல்லாமல் மூன்று ஆண்டு கண்காணித்ததில், நிலை மோசமானது சுமார் 15 சதவீதத்தினருக்குத்தான். அதே குழு, தினமும் மூன்று மணி நேரம் ஒரு கண்ணை மூடிவைப்பதையும் சோதித்தது. ஆறு மாதத்தில் மோசமானவர்கள், மூடியவர்களில் 0.6 சதவீதம், மூடாதவர்களில் 6.1 சதவீதம். மூடுவதில் பலன் இருக்கிறது. ஆனால் மூடாவிட்டாலும் பெரும்பாலோர் அந்த ஆறு மாதத்தில் மோசமாகவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் அது தேவையா என்று மருத்துவரும் பெற்றோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், கண்ணில் ஒட்டும் பேட்ச்சோடு தினமும் போராடும் ஒரு குழந்தையிடம் அதைத் திணிப்பதற்கு முன் இந்த இரண்டு எண்ணையும் பார்க்க வேண்டும்.

தேவைக்கு மேல் மைனஸ் பவர் கொடுத்து, அந்த உந்துதலில் கண்ணை உள்ளே இழுக்க வைக்கும் முறையும் உண்டு. கண்ணாடி போட்டிருக்கும்வரை பிடிமானம் தேறியது. பவரைக் குறைத்து நிறுத்தியதும் பலன் நிற்கவில்லை என்று 2021இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்தக் குழந்தைகளில் 17 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை ஒரு டயாப்டருக்கு (இது கண்ணாடி பவரின் அளவு) மேல் கூடியிருந்தது, சாதாரணக் கண்ணாடி போட்டவர்களில் அது ஒரு சதவீதம்தான். யாராவது இதைப் பரிந்துரைத்தால், எவ்வளவு காலத்துக்கு, கிட்டப்பார்வையை எப்படிக் கண்காணிப்பீர்கள் என்று கேளுங்கள். கண் பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. கிட்டே பார்க்கும்போது கண்களைக் குவிக்க முடியாத பிரச்சினைக்கு, முறையாகக் கற்றுத்தரும் பயிற்சி நன்றாக வேலை செய்கிறது. தூரம் பார்க்கும்போது விலகும் கண்ணை அது நேராக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆபரேஷன் எப்போது? விலகல் நாளில் பாதி நேரத்தைத் தாண்டும்போது, பிடிமானம் மாதா மாதம் தளரும்போது, முப்பரிமாணப் பார்வை குறையத் தொடங்கும்போது. பள்ளியில் கேலிக்கு ஆளாகிக் குழந்தை தலை நிமிர்ந்து பேசத் தயங்கினால் அதுவும் நியாயமான காரணம்தான்.

கண்ணை வெளியே எடுத்துச் செய்வார்கள் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்வதே இல்லை. வெள்ளை விழியின் மேல் உள்ள மெல்லிய சவ்வைச் சிறிதாகத் திறந்து, அடியில் இருக்கும் தசையைச் சில மில்லிமீட்டர் இடம் மாற்றித் தானாகக் கரையும் தையல் போடுவார்கள். இரண்டு கண்ணிலும் வெளி இழுக்கும் தசையைப் பின்னால் நகர்த்தித் தளர்த்துவது ஒரு முறை. ஒரே கண்ணில் வெளித் தசையைத் தளர்த்தி உள்தசையைச் சுருக்குவது இன்னொரு முறை. குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். தசையை இழுக்கும்போது இதயத் துடிப்பு குறையக்கூடும் என்பது நீண்ட காலமாகவே தெரிந்த விஷயம். அதனால் மயக்க மருத்துவர் அதைக் கவனித்தபடியே இருப்பார்.

இந்த ஆபரேஷனின் தொடக்கம் பெர்லினில். 1839இல் யோகான் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர், ஏழு வயதுப் பையனுக்கு உள்ளே திரும்பியிருந்த கண்ணில் உள்தசையை அறுத்துவிட்டார். கண் நேரானது, செய்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது. தசையை அளவில்லாமல் அறுத்துவிட்டதால், அப்படிச் சிகிச்சை பெற்ற பலருக்குப் பின்னால் கண் வெளியே போய்விட்டது. எவ்வளவு தளர்த்துவது என்ற மில்லிமீட்டர் கணக்கு அந்தத் தோல்விகளிலிருந்து பிறந்ததுதான்.

இன்றும் அந்தக் கணக்கு நூற்றுக்கு நூறு பலிப்பதில்லை என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வில், மூன்று ஆண்டு முடிவில் திருப்தியில்லாத பலன் இரண்டு கண்ணிலும் செய்யும் முறையில் 46 சதவீதம், ஒரே கண்ணில் செய்யும் முறையில் 37 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இரண்டுக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. தசையை நகர்த்தினாலும் வண்டிக்காரர் அதே வண்டிக்காரர்தானே. கண் மெல்ல மறுபடி வெளியே நகரும் போக்கு இருப்பதால், ஆபரேஷன் முடிந்த உடன் கண் சற்று உள்ளே இருந்தால் மருத்துவர்கள் அதை விரும்பவே செய்வார்கள். சில நாள், சில வாரம் இரட்டையாகத் தெரியலாம். வெள்ளை விழி நன்றாகச் சிவந்திருக்கும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சில வாரத்தில் வடிந்துவிடும். குளத்திலோ நீச்சல் குளத்திலோ இறங்குவதையும் தலைக்குக் குளிப்பதையும் எப்போது தொடங்கலாம் என்று அங்கேயே கேட்டு வாருங்கள். முன்பு போட்ட கண்ணாடியை ஆபரேஷனுக்குப் பிறகும் போட வேண்டியிருக்கும். சிலருக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படும். முதலில் செய்தவர் தவறு செய்தார் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

போடாக்ஸ் ஊசியும் ஒரு வழி. முகச் சுருக்கத்துக்கு என்று உலகம் அறிந்த அந்த மருந்தை, மாறுகண்ணுக்கு மாற்றுச் சிகிச்சையாகத்தான் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் உருவாக்கினார். 1989இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்ததும் கண் சிகிச்சைக்கே.

பெரியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். சிறுவயதில் விட்டுவிட்டோம், இனி எதற்கு என்று நினைக்காதீர்கள். முப்பது, ஐம்பது வயதிலும் கண்ணை நேராக்க முடியும். மறுநாளே சரிபார்த்து இறுக்கவோ தளர்த்தவோ வசதியான தையல் முறைகூடப் பெரியவர்களுக்கு உண்டு. விட்டுவிட்டு வந்த வகையாக இருந்தால், சேர்ந்து பார்க்கும் திறன் ஓரளவு மிச்சம் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எதிரே இருப்பவர் "என்னையா பார்க்கிறீர்கள்?" என்று திரும்பிப் பார்க்காமல் பேச முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அதோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாப்பாவுக்கு இப்போது ஒன்பது வயது. லேசான கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாள், ஆபரேஷன் இதுவரை தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வருகிறார்கள். கண் ஒதுங்குவது இப்போது அவளுக்கே தெரிகிறது. "சித்தி, கண்ணு போச்சு" என்று சொல்லி, ஒருமுறை இமைத்து, தானே நேராக்கிக்கொள்கிறாள். போன தடவை போனபோதும் ஈயின் இறக்கையைக் காற்றில்தான் பிடித்திருக்கிறாள்.